தொகுதி மறுவரையறை: ஒரே பெயரில் இரண்டு கேள்விகள்

மக்களவைத் தேர்தலில் நாம் வாக்களிக்கும் தொகுதியின் எல்லையை, எந்தக் கிராமம் யாரோடு சேர வேண்டும் என்று ஓர் ஆணையம் கணக்குப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த முடிவு அரசிதழில் வெளியானதும் சட்டத்தின் வலுவைப் பெறுகிறது. மக்கள் ஊர் மாறுகிறார்கள், நகரங்கள் வீங்குகின்றன, சில மாவட்டங்களில் மக்கள் தொகை குறையவும் செய்கிறது. ஆகவே ஒருமுறை போட்ட எல்லை சில பத்தாண்டுகளில் பழசாகிவிடுகிறது. அதைத் திருத்தி அமைக்கும் பணியே தொகுதி மறுவரையறை எனப்படுகிறது.

இந்தியாவில் இந்தப் பெயருக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மக்களவையில் மொத்தம் எத்தனை இடங்கள், அவற்றில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை என்பது முதல் கேள்வி. ஒரு மாநிலத்துக்குக் கிடைத்த இடங்களை வைத்துக்கொண்டு அந்த மாநிலத்துக்குள் கோடுகளை எங்கே போடுவது என்பது இரண்டாவது கேள்வி. தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியது. அதற்கான விடை 1970-களில் உறைந்த நிலையில் வைக்கப்பட்டது. இரண்டாவது கேள்விக்கோ 2008-இல் புதிய விடை கிடைத்துவிட்டது, நாம் இன்று வாக்களிப்பது அந்த வரைபடத்தின்படிதான். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பொருளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். எளிதான இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கோடு ஏன் மாற வேண்டும்?

ஒவ்வொரு வாக்குக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பது அடிப்படை. ஒரு தொகுதியில் இரண்டு லட்சம் பேரும் பக்கத்துத் தொகுதியில் ஆறு லட்சம் பேரும் இருந்து, இரண்டும் ஆளுக்கொரு உறுப்பினரைத்தான் அனுப்புகின்றன என்றால், முதல் தொகுதிக்காரரின் வாக்கு இரண்டாமவரின் வாக்கைப்போல் மூன்று மடங்கு கனமுள்ளது. இது கற்பனையும் அல்ல. 2008-க்கு முந்தைய வரைபடத்தில் சென்னையின் துறைமுகம் தொகுதியைக் காட்டிலும் வில்லிவாக்கம் சட்டப்பேரவைத் தொகுதியில் பல மடங்கு வாக்காளர்கள் இருந்தார்கள். நகரின் பழைய பகுதிகள் வணிக வீதிகளாக மாறிக் குடியிருப்புகள் குறைய, புறநகர் ஏரிக்கரைகளில் வீடுகள் பெருகியதன் விளைவு அது. 2008-இல் கொளத்தூர், வேளச்சேரி, மதுரவாயல், சோழிங்கநல்லூர் போன்ற புதிய தொகுதிகள் பிறந்ததும், பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற பழைய பெயர்கள் மறைந்ததும் இதனால்தான். ஆனால் பெரிய கோணல் எதையும் ஒரே திருத்தத்தில் என்றைக்குமாக நிமிர்த்திவிட முடியாது. 2021 சட்டப்பேரவைத் தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் வாக்காளர் எண்ணிக்கை ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது. துறைமுகம் இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை.

கோட்டைப் போடுபவர் யார் என்பது ஏன் முக்கியம்?

ஒரு சிறு கணக்கு. ஒரு பகுதியில் 50 வாக்காளர்கள். 30 பேர் முதல் கட்சிக்கும் 20 பேர் இரண்டாம் கட்சிக்கும் வாக்களிப்பவர்கள். அவர்களைப் பத்துப் பத்துப் பேர் கொண்ட ஐந்து தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் 6 பேர் முதல் கட்சிக்காரர், 4 பேர் இரண்டாம் கட்சிக்காரர் என்று வகுத்தால் முதல் கட்சி ஐந்திலும் வெல்லும். மாறாக, இரண்டு தொகுதிகளில் முதல் கட்சிக்காரர்கள் ஒன்பது ஒன்பது பேரைக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு, எஞ்சிய மூன்று தொகுதிகளில் 4-க்கு 6 என்று வகுத்தால், அதே 20 பேரை வைத்துக்கொண்டு இரண்டாம் கட்சி மூன்று இடங்களைப் பிடித்துவிடும். ஒருவர்கூட மனம் மாறவில்லை. கோடு மட்டுமே மாறியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தக் கோடுகளை மாநிலச் சட்டமன்றங்களே போடுவதால், அங்கே ஆளுங்கட்சி தனக்கு ஏற்றபடி வளைத்து வரைந்துகொள்வது 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி காலத்திலிருந்தே தீராத வழக்காக இருந்து வருகிறது.

இந்தியா இந்த வேலையை அரசியல்வாதிகளின் கையிலிருந்து விலக்கி வைக்கத் தொடக்கத்திலேயே முயன்றது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கான தொகுதிகளைத் தேர்தல் ஆணையத்தின் துணையுடன் குடியரசுத் தலைவரின் ஆணை வகுத்தது. ஆனால் அந்த ஆணையில் நாடாளுமன்றம் கை வைக்க முடிந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, தனி அதிகாரம் கொண்ட மறுவரையறை ஆணையம் என்ற ஏற்பாடு வந்தது. இதுவரை 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை நாடு முழுவதற்குமான ஆணையம் அமைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய வரைபடம் நான்காவது ஆணையத்தின் படைப்பு. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் அதன் தலைவர்.

ஆணையத்தில் மூவர் இருப்பார்கள்: உச்ச நீதிமன்றத்தின் பதவியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர், தலைமைத் தேர்தல் ஆணையரோ அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையரோ ஓர் உறுப்பினர், எந்த மாநிலத்தின் எல்லைகள் வகுக்கப்படுகின்றனவோ அந்த மாநிலத்தின் தேர்தல் ஆணையர் இன்னோர் உறுப்பினர். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டப்பேரவை உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம், மறுப்பைப் பதிவு செய்யலாம். ஆனால் வாக்களிக்கவோ ஆணையில் கையெழுத்திடவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. வரைவு வெளியிடப்பட்டு, ஆட்சேபங்கள் பெறப்பட்டு, பொதுமக்கள் நேரில் வந்து பேசும் அமர்வுகள் நடந்த பிறகு இறுதி ஆணை அரசிதழில் வருகிறது. அது மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் வைக்கப்படும் என்றாலும் அங்கே யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

வெளியான வரைபடம் அன்றே நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. இருக்கும் அவை கலையும்வரை பழைய தொகுதிகளே நீடிக்கும். குல்தீப் சிங் ஆணையத்தின் வரைபடம் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நடந்த முதல் தேர்தல் அதே ஆண்டு மே மாதத்துக் கர்நாடகச் சட்டப்பேரவைத் தேர்தல். தமிழ்நாட்டு வாக்காளர் புதிய தொகுதிகளை 2009 மக்களவைத் தேர்தலில்தான் முதலில் கண்டார்.

வரைபடத்தின் மேல் ஒரு கணக்கு

ஆணையம் கோடு போடும் முறை எண்ணிக்கையில் தொடங்குகிறது. 2008 வரைபடத்துக்கு 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. அதன்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை 6.24 கோடி. 234 சட்டப்பேரவைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு ஏறத்தாழ 2.67 லட்சம்; 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 16 லட்சம். ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதியும் முழுதாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. 234-ஐ 39-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 6 வருகிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஒவ்வொரு மக்களவைத் தொகுதியும் ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகளின் தொகுப்பு. எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக, தொகுதி இயன்றவரை சிதறாமல் ஒட்டிய நிலப்பரப்பாக இருக்கிறதா, மலையும் ஆறும் குறுக்கிடுகின்றனவா, மாவட்ட வட்ட எல்லைகள் எங்கே ஓடுகின்றன, போக்குவரத்து வசதி எப்படி, மக்களுக்கு எது தோது என்பனவற்றையும் பார்க்கும்படி 2002-ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் கூறுகிறது.

சொல்லும்போது எல்லாம் இசைவாகத் தோன்றும். நிலத்தில் இறங்கினால் ஒரு விதி இன்னொன்றை இடித்துக்கொண்டு நிற்கும். நீலகிரி மாவட்டத்தின் மக்கள் தொகை 2001-இல் 7.62 லட்சம். சட்டப்பேரவைக் கணக்கில் அது மூன்று தொகுதிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். ஆனால் மக்களவைத் தொகுதிக்கு ஆறு வேண்டும். மலையில் மூன்றுக்கு மேல் இல்லை. ஆகவே கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேட்டுப்பாளையமும், இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் அவிநாசியும், ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகரும் வந்து சேர்ந்தன. நீலகிரி என்ற பெயரைத் தாங்கிய தொகுதியில் தேயிலைத் தோட்டத்துக்கும் வனநிலப் பிரச்சினைக்கும் குரல் கொடுக்க வேண்டிய உறுப்பினரே, சமவெளியின் விசைத்தறிக்கும் பாசனத்துக்கும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டையின் கதை இதற்கு நேரெதிரானது, எனக்கு இன்னும் வியப்பளிப்பது. அந்த மாவட்டத்தில் புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, விராலிமலை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று சரியாக ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு மக்களவைத் தொகுதிக்கு வேண்டியதும் ஆறுதான். 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த நிலம். 2004 தேர்தல் வரை புதுக்கோட்டை என்ற பெயரிலேயே மக்களவைத் தொகுதியும் இருந்தது. அப்படியிருந்தும் 2008 வரைபடத்தில் அந்தத் தொகுதி மறைந்து, மாவட்டம் நான்கு துண்டுகளாயிற்று: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும், விராலிமலை கரூருக்கும், அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கும் போயின. காரணத்தை அக்கம்பக்கத்து எண்ணிக்கையிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் இருப்பவை நான்கு சட்டப்பேரவைத் தொகுதிகள். ஆறாக்க இரண்டு வேண்டும். இராமநாதபுரத்திலும் நான்கு, அங்கே அறந்தாங்கியோடு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் போய்ச் சேர்ந்தது. எங்கோ ஒரு மாவட்டத்தைப் பிரித்தால்தான் சுற்றியுள்ளவை நிறையும் என்ற நிலையில், நடுவில் இருந்த மாவட்டம் பிரிந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது. ஒரு மாவட்டத் தலைநகரத்துக்காரர் தம் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடி வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதையும், மாவட்டம் முழுவதற்குமான ஒரு கோரிக்கைக்கு நான்கு உறுப்பினர்களைப் பார்க்க வேண்டியிருப்பதையும் அந்தக் கணக்கு எண்ணவில்லை.

அதே வரைபடத்தில் செங்கல்பட்டு, திண்டிவனம், வந்தவாசி, இராசிபுரம், திருச்செங்கோடு, கோபிசெட்டிபாளையம், பழனி, பெரியகுளம், சிவகாசி, திருச்செந்தூர், நாகர்கோவில் ஆகிய மக்களவைத் தொகுதிகளும் பெயரிழந்தன. திருவள்ளூர், ஆரணி, கள்ளக்குறிச்சி, நாமக்கல், திருப்பூர், தேனி, விருதுநகர், தூத்துக்குடி, கன்னியாகுமரி போன்றவை வந்தன. சில இடங்களில் பெரும்பாலும் பெயரே மாறியது. சில இடங்களில் நிலமே கலைந்து சேர்ந்தது.

தனித்தொகுதிகள்

எந்தத் தொகுதி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படுகிறது என்பதை முடிவு செய்வதும் இதே ஆணையம்தான். ஒரு மாநிலத்தில் எத்தனை தனித்தொகுதிகள் என்பது மக்கள் தொகை விகிதத்தால் தானாகவே வந்துவிடும். தமிழ்நாட்டில் மக்களவைக்கு ஏழு, சட்டப்பேரவைக்குப் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. எவை என்பதில்தான் சிக்கல். பழங்குடியினருக்கான தொகுதிகள் அவர்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள இடங்களிலேயே அமைய வேண்டும். ஏற்காடும் சேந்தமங்கலமும் அப்படி வந்தவை. பட்டியல் சாதியினருக்கானவை, விகிதம் அதிகமுள்ள இடங்களில் அமைவதோடு மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கும் பரவியிருக்க வேண்டும். 2008-இல் பெரம்பலூரும் திருப்பெரும்புதூரும் பொதுத்தொகுதிகளாயின, நீலகிரி தனித்தொகுதியாயிற்று. பெரம்பலூரில் மும்முறை வென்றிருந்த ஆ. இராசா 2009-இல் நீலகிரியில் போட்டியிட்டது அதனால்தான். 1967 முதல் தனித்தொகுதியாகவே இருந்துவரும் தென்காசி அப்படியே தொடர்ந்தது.

இத்தகைய முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா? உஜ்ஜயினி நகரம் தனித்தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்த மேகராஜ் கோத்தாரி வழக்கில், ஒவ்வோர் எல்லையையும் வழக்காடத் தொடங்கினால் தேர்தலே நடத்த முடியாமல் போகும் என்ற காரணத்தால் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் கூறியது. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 329-உம் அதையே சொல்கிறது. 2024-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், வெளிப்படையாகவே தன்னிச்சையான, அரசமைப்பின் விழுமியங்களோடு பொருந்தாத ஆணையாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று அதே நீதிமன்றம் கதவைச் சற்றுத் திறந்து வைத்தது. ஆணையத்தின் சொல்லே இறுதி என்பதிலும் ஓர் அடிக்குறிப்பு உண்டு: பழங்குடியினர் தொகுதிகள் குறையும் என்ற எதிர்ப்பு எழுந்ததால், ஜார்க்கண்டுக்கான 2007-ஆம் ஆண்டு இறுதி ஆணையையே நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தத்தால் செயலிழக்கச் செய்தது.

அண்மைக் காலத்தில் இரண்டு இடங்களில் தனியாக மறுவரையறை நடந்தது. அசாமில் தேர்தல் ஆணையமே 2023-இல் 2001 கணக்கெடுப்பை வைத்து எல்லைகளை மாற்றியது. ஜம்மு காஷ்மீரில் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான ஆணையம் 2022 மே மாதம், 2011 கணக்கெடுப்பின்படி, சட்டப்பேரவை இடங்களை 83-லிருந்து 90 ஆக்கியது. கூடிய ஏழில் ஆறு ஜம்முவுக்கும் ஒன்று காஷ்மீருக்கும் போயின. பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு இப்பால் உள்ள அனந்த்நாக்கையும் அப்பால் உள்ள ரஜௌரி, பூஞ்ச் பகுதிகளையும் ஒரே மக்களவைத் தொகுதியாக்கியதும் அந்த ஆணையமே. நடுவில் உள்ள முகலாயச் சாலை பனிக்காலத்தில் மூடிவிடும். இயற்கை அமைப்பைப் பார்க்கச் சொல்லும் விதி எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி முதல் கேள்வி: எந்த மாநிலத்துக்கு எத்தனை?

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 81, மக்களவை இடங்களுக்கும் மக்கள் தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 82, ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இதைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மிகச் சிறிய மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் விலக்கு உண்டு. ஏறத்தாழ 64,000 பேர் மட்டுமே வாழும் இலட்சத்தீவுக்கும் ஓர் உறுப்பினர் இருப்பது அதனால்.

முதல் இருபது ஆண்டுகள் இந்தச் சரிசெய்தல் நடந்தது, அதில் நாம் இழக்கவும் செய்தோம். இன்று பலர் மறந்துவிட்ட செய்தி இது. 1951-க்கும் 1961-க்கும் இடையே நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 21.5 விழுக்காடு வளர்ந்தபோது சென்னை மாநிலம் 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகவே வளர்ந்தது. விளைவாக, 1962 தேர்தலில் 41 உறுப்பினர்களை அனுப்பிய மாநிலம் 1967-இல் 39 பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அந்த இரண்டு இடங்களைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஒரு வழக்கின்போது கேள்வி எழுப்பியது.

1970-களில் குடும்பக் கட்டுப்பாடு அரசின் முதன்மைக் கொள்கைகளில் ஒன்றானபோது இந்த விதியின் முரண்பாடு அப்பட்டமாகத் தெரிந்தது: மைய அரசு சொன்னதைக் கேட்டு மக்கள் தொகையைக் குறைக்கும் மாநிலம் அதே அரசை அமைக்கும் அவையில் இடத்தை இழக்கும். ஆகவே 1976-இன் 42-ஆவது திருத்தம், 2000-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை 1971-இன் எண்ணிக்கையையே வைத்துக்கொள்ளச் சொன்னது. அந்தக் கெடு முடிந்தபோது, 2001-இல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் மாற்றலாம் என்று அது விட்டுக்கொடுத்ததால்தான் 2008 வரைபடமே சாத்தியமாயிற்று. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இன்றுவரை 1971-இன் கணக்கே. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்பது அங்கிருந்து வந்த எண்.

உறைய வைத்த இந்த ஐம்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்குத் தமிழ்நாட்டையும் இராஜஸ்தானையும் அருகருகே வைத்தால் போதும். 1971-இல் தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர், 39 இடங்கள், இராஜஸ்தானில் 2.58 கோடிப் பேர், 25 இடங்கள். இரண்டிலும் ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 10 லட்சத்துச் சொச்சம் பேர். 2011-இல் தமிழ்நாடு 7.21 கோடி, இராஜஸ்தான் 6.85 கோடி. இடங்கள் அதே 39, அதே 25. இப்போது தமிழ்நாட்டு உறுப்பினர் 18.5 லட்சம் பேருக்குப் பேசுகிறார். இராஜஸ்தான் உறுப்பினர் 27.4 லட்சம் பேருக்கு. கேரளத்தில் 16.7 லட்சம், பீகாரில் 26 லட்சம்.

2011 கணக்கெடுப்பைக் கொண்டு 543 இடங்களை நேர்விகிதமாகப் பங்கிட்டால், சிறு மாநில விலக்குகளைக் கணக்கில் கொள்ளாமல், தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 32 வரும், கேரளத்துக்கு 20-க்குப் பதில் 15; உத்தரப் பிரதேசம் 80-லிருந்து 90-ஐ நெருங்கும், பீகார் 40-லிருந்து 47 ஆகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பேறு தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0 என்பதால், அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் இந்த இடைவெளி கூடவே செய்யும்.

மறுவரையறையால் யாருக்கும் ஓர் இடம்கூடக் குறையாது என்று மைய அரசின் தரப்பில் தரப்பட்ட உறுதிமொழியை எப்படிப் புரிந்துகொள்வது? அவையைப் பெரிதாக்கினால் அது உண்மையாகவே முடியும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கைகள் உள்ளன. அவை 800 பேர் கொண்டதாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2011 மக்கள் தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு 48 கிடைக்கும். 39-ஐ விட அது அதிகம்தான், ஆனால் அவையில் நம் பங்கு 7.2 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரு மசோதா நிறைவேறுவதும் தோற்பதும் தலைகளின் எண்ணிக்கையால் அல்லாமல் பங்கின் அளவால் தீர்மானமாவதால், கவனிக்க வேண்டிய எண் இதுவே. இன்றைய விகிதத்தை அப்படியே வைத்து எல்லோருக்கும் கூட்டினால் தமிழ்நாட்டுக்கு 57, உத்தரப் பிரதேசத்துக்கு 118. அப்போது பங்கு மாறாது. ஆனால் இரு மாநிலங்களுக்கும் இடையே இன்று 41 ஆக இருக்கும் இட வேறுபாடு 61 ஆகிவிடும் என்பதைச் சுட்டிக்காட்டி அதையும் ஏற்காதவர்கள் உண்டு.

2025 மார்ச் மாதம் சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய கூட்டத்துக்குக் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் வந்து, உறைநிலையை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரினார்கள். பஞ்சாப் அங்கே இருந்ததைக் கவனிக்க வேண்டும். இதை வடக்கு தெற்கு என்று மட்டும் சுருக்கிவிட முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு கேட்பது நியாயம். ஜோத்பூரில் வாழும் ஒருவர் தம் மாநிலத்தின் பழைய பிறப்பு விகிதத்துக்குப் பொறுப்பாளி அல்லர். அவருடைய வாக்கின் கனம் மதுரைக்காரரின் வாக்கில் மூன்றில் இரண்டு பங்காக இருப்பதற்கு, அவரிடம் சொல்லக்கூடிய விடை எது? சமமான வாக்கு என்பதுதான் சென்னைப் புறநகரில் தொகுதிகளைப் பிரிக்க நாமே காட்டிய காரணம். ஆனால் அதே இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாகவும் இருக்கிறது. அமெரிக்கா தன் செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் இரண்டிரண்டு இடம் தந்து இதைச் சமாளித்ததைப்போல நம் மாநிலங்களவை சமாளிக்கவில்லை, ஏனென்றால் அங்கும் இடங்கள் பெரும்பாலும் மக்கள் தொகையை ஒட்டியே வகுக்கப்பட்டன. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6 என்று, பெரிய நாட்டுக்கு இடம் அதிகமாகவும் தலைக்கணக்கில் எடை குறைவாகவும் இருக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மக்களவை மனிதர்களை எண்ண வேண்டுமா, மாநிலங்களை நிறுக்க வேண்டுமா என்பது கணிதத்தால் தீராத கேள்வி. மக்களவையை மக்கள் தொகைக்கு விட்டுவிட்டு மாநிலங்களவையை உண்மையாகவே மாநிலங்களின் அவையாக வலுப்படுத்துவது பற்றி இங்கே போதிய பேச்சு இல்லை என்பது என் குறை.

மறுவரையறையோடு இன்னொன்றும் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தபின் வெளியாகும் முதல் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு மறுவரையறை செய்த பிறகே ஒதுக்கீடு தொடங்கும் என்றும், அதன்பின் ஒவ்வொரு மறுவரையறைக்கும் பெண்களுக்கான தொகுதிகள் சுழற்சியில் மாறும் என்றும் அந்தத் திருத்தத்திலேயே எழுதப்பட்டது. கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் வெளியான அறிவிக்கை கூறுகிறது. அந்த எண்கள் வந்து, ஆணையம் அமைந்து, வரைவு வெளியாகும் கட்டத்தில்தான் வாக்காளருக்குப் பேச இடம் இருக்கிறது: அரசிதழிலும் நாளிதழ்களிலும் வரும் வரைவில் தம் ஊர், வட்டம், பேரூராட்சி எந்தத் தொகுதியில் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், பொது அமர்வில் நேரில் சொல்லலாம். இறுதி ஆணை வந்துவிட்டால், புதுக்கோட்டைக்கு நேர்ந்ததைப்போல, அடுத்த வரைபடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.